பெரியம்மா பாட்டில் ஒரு கரகரப்பு

என் தொண்டையில் ஒரு பழுதும் இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் கிழமை முழுவதும் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்கள் என் தொண்டையைப் பற்றித்தான் கதைத்தார்கள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவள் நான். நாற்பது பிள்ளைகள் நாற்பது சுருதியில் பாடுகிற வகுப்பில், கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே, பிழைவிடுகிற பிள்ளை எந்த வாங்கில் இருக்கிறது என்று சொல்லுவேன். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து என் கணவர், தபாற்கந்தோரில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர், சுருதிக்கும் சுருட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று சொன்னார். சொன்னது மத்தியானச் சாப்பாட்டு நேரம். அன்று அவருக்கு இரண்டாம் தரம் சோறு போடவில்லை.

விசயம் இதுதான். என் தங்கையின் மகளுக்குக் கனடாவில் கலியாணம். கூடப்பிறந்தது என்று எனக்கு இருப்பது அந்தத் தங்கை ஒருத்திதான். அவள் போய் இருபத்தேழு வருடம். இரண்டு தரம் வந்து பார்த்தாள், நான் ஒரு தரமும் போகவில்லை. இந்தக் கலியாணத்துக்கு எப்படியும் போவதென்று நானும் அவரும் விசாவுக்குக் கொடுத்தோம். கிடைக்கவில்லை. நாங்கள் திரும்பி ஊருக்கு வருவோம் என்று நம்ப முடியவில்லையாம். பதினாறு கோழி, ஒரு கிணறு, அந்த வருடந்தான் ஒழுங்காகக் காய்க்கத் தொடங்கின கறுத்தக்கொழும்பான் மாமரம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அறுபது வயதுக்குப் பிறகு நான் பனிக்குள் நின்று என்ன செய்யப்போகிறேன்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

கடவுச்சீட்டு திரும்பி வந்த அன்று குசினிக்குள் போய் இருந்து அழுதேன். வெங்காயம் உரிக்கிறேன் என்று சொன்னேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, வெங்காயம் இல்லாததைக் கண்டும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

பின்னேரம் பெறாமகள், அந்தக் கலியாணப் பொம்பிளை, ரெலிபோன் எடுத்தாள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, ஆனாலும் தாய் எங்கள் பேச்சைப் பிள்ளையின் நாக்கிலிருந்து இறங்க விடவில்லை.

"பெரியம்மா, அழாதேங்கோ. நீங்கள் வரேலாட்டி உங்கடை குரல் வரட்டும். நான் மணவறைக்கு நடந்து வாற நேரம் உங்கடை பாட்டுத்தான் போகவேணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

பக்கத்தில் நின்ற அவர், "பாத்தீரே, குரலுக்கு விசா தேவையில்லை" என்றார். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவர் சொன்ன உருப்படியான கதைகளை விரல்விட்டு எண்ணலாம். அதில் இது ஒன்று.

அன்றைக்கே பாட்டைக் கட்டினேன். மோகன ராகம், ஆதி தாளம், எட்டு அடி. 'படலை திறந்திருக்கு, பாதம் வைத்து வா மகளே' என்று தொடங்கும். பெரிய கவிதை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் பிழை பிடிக்கவும் ஏலாது. அவர் பிடித்தார். "அங்கை எங்கையப்பா படலை? கிட்டப் போகத் தானாத் திறக்கிற கண்ணாடிக் கதவெல்லோ?" என்றார். கண்ணாடிக் கதவை மோகனத்தில் எப்படிப் பாடுவது என்று கேட்டேன்.

ரெலிபோனில் பாடி அனுப்புவோம் என்றுதான் நினைத்திருந்தேன். அது பெரிய மண்டபமாம், பெரிய பெரிய ஒலிபெருக்கியாம், ரெலிபோனில் பதிந்தால் தகரப்பேணிக்குள் இருந்து பாடுகிறமாதிரி இருக்குமாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் பெறாமகள் ஒரு மைக்கும், கைக்கு அடக்கமான ஒரு பெட்டியும், காது மூடுகிற ஹெட்போனும் கொடுத்துவிட்டாள். மைக்கைப் பெட்டியில் செருகி, பெட்டியை மடிக்கணினியில் செருகினால், நான் பாடுவது கணினிக்குள் போய் விழும். பதிவு செய்கிற மென்பொருளை அவளே அங்கிருந்து எங்கள் திரையைப் பார்த்துப் பார்த்துப் போட்டுத் தந்தாள். அடுத்த கிழமை ஞாயிற்றுக்கிழமை கலியாணம். மண்டபத்தில் ஒலி பார்க்கிறவர் வெள்ளிக்கிழமைக்குள் பாட்டு வேண்டும் என்றிருந்தார். எனக்கு ஏழு நாள் இருந்தது. எட்டு அடிப் பாட்டுக்கு ஏழு நாள் எதற்கு என்று நான் சிரித்தேன்.

முதல் நாள் சத்தமே வரவில்லை. நான் பாடுகிறேன், திரையில் பச்சைக் கோடு மேலும் கீழும் துள்ளுகிறது, திருப்பிப் போட்டால் ஊமை. கலியாணப் பொம்பிளை அங்கே சாரிக்குச் சட்டை அளவு கொடுத்துக்கொண்டே, ரெலிபோனைத் தோளில் இடுக்கியபடி, அதைத் திறவுங்கோ இதை அமத்துங்கோ என்று முக்கால் மணித்தியாலம் சொன்னாள். கடைசியில் பார்த்தால் பெட்டியில் ஹெட்போனுக்கான குமிழ் பூச்சியத்தில் இருந்தது. தூசி துடைக்கிறேன் என்று அதைத் திருகி வைத்தவள் நான்தான். இதை அவருக்கு இன்றுவரை சொல்லவில்லை.

இரண்டாம் நாள் சத்தம் வந்தது. கூடவே கரகரப்பும் வந்தது.

எங்கள் வீட்டில் பாடுவதற்கு ஏற்ற இடம் அலுமாரி நிற்கிற உள் அறைதான். அலுமாரிக் கதவைத் திறந்துவிட்டால் சாரிகளெல்லாம் எதிரொலியை உறிஞ்சிவிடும் என்று பெறாமகள் சொன்னாள். அந்த அறையில் இருந்த ஒரேயொரு பிளக் எந்தக் காலத்திலோ எரிந்துபோய்விட்டது. அதனால் விறாந்தையில் இருந்து ஒரு நீள வயரைக் கதவுக்குக் கீழால் இழுத்து வைத்திருந்தோம். கதவைச் சாத்தி, சுவரைப் பார்த்து நின்று, ஹெட்போனை மாட்டிப் பாடினேன். முதல் இரண்டு அடி பளிங்கு மாதிரி இருந்தது. மூன்றாம் அடியில் 'டிக்' என்றது. பிறகு 'டிக் டிக்'. நாலாம் அடியில் யாரோ என் குரலுக்குள் அடுப்பு மூட்டிக் கடுகு தாளிக்கத் தொடங்கினார்கள்.

நிறுத்தினேன். திரும்பப் பாடினேன். திரும்பவும் கடுகு.

"பஃபரைக் கூட்டுங்கோ பெரியம்மா" என்றாள் பெறாமகள்.

பஃபர் என்றால் என்ன என்று எனக்கு விளங்கப்படுத்த அவள் பட்ட பாட்டை அவளே சொல்லவேண்டும். கடைசியில் நானே விளங்கிக்கொண்டேன். கிணற்று மோட்டார் இறைக்கிற தண்ணீர் நேரே குழாய்க்கு வந்தால் புஸ் புஸ் என்று விட்டுவிட்டுத்தான் வரும். இடையில் ஒரு தொட்டி இருந்தால் ஒழுங்காக வரும். பஃபர் என்பது அந்தத் தொட்டி. தொட்டியைப் பெரிதாக்கினால் கரகரப்புக் குறையும். குறைந்ததுதான். ஆனால் தொட்டி நிரம்பி வர நேரம் எடுக்குமல்லவா? நான் 'படலை' என்று பாட, ஹெட்போனில் கொஞ்சம் பொறுத்து 'படலை' என்கிறது. நான் 'பாதம்' என்று போக, அது இன்னும் படலையிலேயே நிற்கிறது. என்னோடு நானே போட்டிக்கு நிற்கிற நிலை. ஆதி தாளம் அநாதையாகப் போய்விட்டது. "கோதாரி விழுவானே, ஒண்டாப் பாடு!" என்று மைக்கைப் பார்த்துக் கத்தினேன். அதுவும் ஒரு கணம் கழித்து என் காதிலேயே வந்து விழுந்தது.

அடுத்த மூன்று நாள் நான் சங்கீதக்காரியாக இருக்கவில்லை. பஃபரைக் கூட்டினேன், குறைத்தேன். நாற்பத்திநாலாயிரத்தை நாற்பத்தெட்டாயிரம் ஆக்கினேன். அது என்ன ஆயிரம் என்று கேட்காதீர்கள், இரண்டு இடத்திலும் ஒரே எண் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பெட்டியின் வயரை இந்தத் துளையில் இருந்து அந்தத் துளைக்கு மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு பாடினேன். ஒவ்வொரு தரமும் முதல் இரண்டு அடி நல்லாயிருக்கும். உடனே நெஞ்சு நிறைந்துவிடும், சரி, இந்தமுறை பிடித்துவிட்டேன் என்று. மூன்றாம் அடியில் கடுகு வெடிக்கும்.

அவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. கதவுக்கு வெளியே நின்று ஆராய்ச்சி செய்தார். கோழிகளின் சத்தம் என்றார். கோழி கரகரக்காது என்று விளங்கப்படுத்தினேன். ரெலிபோன் கோபுரத்தால் வருகிறது என்றார். கோயில் ஒலிபெருக்கி என்றார். புகையிரதப் பாதை கிட்ட இருப்பதால் நிலம் அதிர்கிறது என்றார். புகையிரதம் போகிற நேரம் நான் பாடுவதே இல்லை, அந்த நேரங்களை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். எல்லாம் பிழைத்த பிறகுதான் அந்தக் கூடம் கோணல் கதையைச் சொன்னார்.

அதோடு விட்டாரா? படலையடியில் பால்காரரிடமும் சொல்லியிருக்கிறார். அடுத்தநாள் முன்வீட்டு மனிசி ஒரு போத்தல் தேன் கொண்டுவந்து, "ரீச்சர், வயது போகப் போகத் தொண்டை கட்டத்தானே செய்யும்" என்றாள். தேனை வாங்கிக்கொண்டேன். நல்ல தேன். ஆனால் அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கணினியையும் பெட்டியையும் மைக்கையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, பக்கத்து ஊரான திருநெல்வேலிக்குப் போனேன். அங்கே சந்தைக்குக் கிட்ட கணினி திருத்துகிற கடை ஒன்று இருக்கிறது. நாற்பது வயதளவில் ஒருவர், அமைதியானவர், திருகாணியைப் பல்லில் கடித்துக்கொண்டு கதைப்பார். எல்லாவற்றையும் மேசையில் பூட்டிவிட்டு, "பாடுங்கோ அன்ரி" என்றார்.

"இஞ்சையோ?"

"பாடினால்தானே கேக்கலாம்."

கடை நிறையக் கம்பசுப் பிள்ளைகள். ஒருவன் உடைந்த திரையோடு, ஒருத்தி சார்ஜரோடு. அவர்களுக்கு நடுவில், பலாலி வீதியில் பஸ் கோர்ன் அடிக்க அடிக்க, நான் 'படலை திறந்திருக்கு' என்று மோகனத்தை எடுத்தேன். எட்டு அடியும் பாடினேன். பிள்ளைகள் கைதட்டின. திருப்பிப் போட்டார். பஸ் கோர்ன் இருந்தது, பிள்ளைகளின் கைதட்டல் இருந்தது, கரகரப்பு மட்டும் இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை.

"ஒரு பிழையும் இல்லையே அன்ரி."

"வீட்டிலை கரகரக்குது."

"இஞ்சை கரகரக்கேல்லையே."

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு அடி பளிங்கு, மூன்றாம் அடியில் கடுகு. புதன்கிழமை திரும்பவும் போனேன். திரும்பவும் பாடினேன். இந்தமுறை சந்தையில் மரக்கறி விற்கிற இரண்டு மனிசிமாரும் வாசலில் நின்று கேட்டார்கள். திரும்பவும் ஒரு பிழையும் இல்லை. கடைக்காரர் திருகாணியைப் பல்லில் இருந்து எடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். டொக்டர்மார் நோயில்லாமல் வருகிற நோயாளியைப் பார்க்கிற பார்வை அது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை கலியாணம். என்னாலை போகேலாது. இந்தப் பாட்டும் போகாட்டி, நான் அந்தப் பிள்ளைக்கு ஒண்டுமே செய்யாத ஆளாப் போடுவன்" என்றேன். அந்தக் கடைக்குள், முன்பின் தெரியாத மனிதனிடம், என் குரல் உடைந்துவிட்டது.

அவருக்கும் அந்தரமாகப் போய்விட்டது. "சார்ஜரிலை போட்டுத்தானே அன்ரி பாடுறனீங்கள்?" என்று கேட்டார்.

"பின்னை? சார்ஜரிலைதான்."

கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன், அவ்வளவு நிச்சயம்.

"அப்பிடியெண்டால் ஒண்டு செய்யுங்கோ. கரகரப்புத் தொடங்கின உடனை பாட்டை நிப்பாட்டிப் போட்டு, திரையிலை என்ன மாறியிருக்கு எண்டு மட்டும் பாருங்கோ. வேறை ஒண்டையும் தொடாதேங்கோ."

வியாழக்கிழமை காலை கதவைச் சாத்தினேன். பாடினேன். முதலாம் அடி. இரண்டாம் அடி. மூன்றாம் அடியில் 'டிக்' என்றதும் வாயை மூடிக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து, பரீட்சைத் தாள் திருத்துகிறமாதிரித் திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். வலதுபக்க அடிமூலையில் ஒரு சின்னப் பற்றறிப் படம். தொடங்கும்போது அதற்குப் பக்கத்தில் ஒரு பிளக் இருந்தது. இப்போது பிளக்கைக் காணவில்லை. பதிலுக்குப் பற்றறிக்கு மேல் ஒரு சின்ன இலை முளைத்திருந்தது.

ஹெட்போனைக் கழற்றினேன். வயரைக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் வழியே, சத்தம்போடாமல் கதவைத் திறந்து விறாந்தைக்கு வந்தேன். வயர் சுவர்வரை போனது. சுவரில் சுவிச். சுவிச்சின் மேல் ஒரு விரல். விரலுக்குப் பின்னால், வெறுங்காலோடு, பூனைமாதிரிப் பாதத்தை ஊன்றாமல், என் கணவர்.

"என்னப்பா செய்யிறியள்?"

"ஒண்டுமில்லை. நிப்பாட்டினனான்."

"எத்தினை நாளா?"

அவர் சுவிச்சைப் பார்த்தார். "தொடக்கத்திலை இருந்துதான்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதென்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அலைந்தது பஸ்ஸில். இரண்டு தரம். சந்தைக்கு நடுவில் நின்று பாடியிருக்கிறேன். முன்வீட்டுக்காரியின் தேனைக் குடித்திருக்கிறேன். எல்லாம் இந்த மனிதனின் ஒற்றை விரலுக்காக! நான் தொடங்கி இரண்டு அடி பாடுகிற மட்டும் காத்திருந்து, நான் பாட்டில் ஊறிவிட்டேன் என்று நிச்சயமானதும், பூனைநடை நடந்து வந்து கரண்டை நிறுத்தியிருக்கிறார். உள்ளே நான் பாடி முடித்துக் கதிரையை அரக்குகிற சத்தம் கேட்டதும் திரும்பப் போட்டிருக்கிறார். ஐந்து நாள்! என்ன சொல்லிப் பேசினேன் என்று இங்கே எழுத ஏலாது. பதினாறு கோழியும் வேலியோரம் போய் நின்றன என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

நான் மூச்சு வாங்க நிறுத்தின இடைவெளியில் அவர் சொன்னார்: "தலையிலை வயர். வாய்க்குக் கிட்ட இரும்பு. கரண்ட் கூடி அடிச்சால்?"

"அடிச்சால்?"

"அடிச்சால் ஆர் பாக்கிறது?"

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாத காலம் ஒன்று இருந்தது. பிறகு அது திரும்பி வந்தபோது, ஆசையாக முதல்முதல் அயன் பெட்டியைச் செருகினவர் இவர்தான். அது இவரைத் தூக்கி எதிர்ச் சுவரில் எறிந்தது. அன்றிலிருந்து இவருக்குச் சுவரில் இருந்து வருகிற எதிலும் நம்பிக்கை இல்லை. பற்றறி என்றால் நம்புவார். சார்ஜ் ஏறும்வரை தொடக்கூடாது, ஏறினபிறகு பிடுங்கிவிட்டுப் பாவிக்க வேண்டும். இது இந்த வீட்டுச் சட்டம். மின்விசிறியில் இருந்து வாசல்மணிவரை எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டு திரிகிறவர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு மண்டையில் ஓடவில்லையே, அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

"அந்த நாளிலை சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்தி, தைனமோவிலை ரேடியோ கேட்டனாங்கள்" என்றார். "சுவரிலை இருந்தே கரண்ட் வந்தது? பாட்டுக் கேக்கேல்லையே?"

"அதுவும் கரகரத்ததுதானேயப்பா!"

அவர் யோசித்தார். "ஓம், கரகரத்தது" என்று ஒத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ?"

"சொன்னால் நீர் கேப்பீரோ? கலியாணத்துக்குப் பாட்டு, பாட்டு எண்டு விசர் பிடிச்சமாதிரி நிண்டனீர். நீர் அங்கை போகேலாமல் அழுததை நான் பாத்தனான். உமக்கும் ஏதும் நடந்தால் நான் இஞ்சை தனிய இருந்து என்ன செய்யிறது?"

கோபம் இருந்தது, ஆனால் அது வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. சுவிச்சைப் போட்டேன். உள்ளே போய்க் கடைக்காரருக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். பற்றறியில் ஓடும்போது கணினி சிக்கனம் பிடிக்கத் தொடங்கி அரைத்தூக்கத்துக்குப் போய்விடுமாம். அரைத்தூக்கத்தில் இருக்கிறவரிடம் பாட்டை வாங்கி எழுதச் சொன்னால் இடையிடையே விடுபடத்தானே செய்யும், அந்த விடுபட்ட துண்டுகள்தான் கரகரப்பு என்றார். சிக்கனத்தை நிறுத்துகிற இடத்தையும் காட்டித் தந்தார். ஐந்து நாள் பிழைக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது.

வெண்ணெய் திரண்டு வருகிற நேரம் தாழி உடைந்தது. அவரைப் பேசின பேச்சில் என் குரல் போய்விட்டது. வியாழன் பின்னேரம் உண்மையாகவே தொண்டை கட்டி, எனக்குள்ளேயே கடுகு வெடித்தது. மிச்சம் ஒரே நாள். அவர் மல்லிக்கோப்பி போட்டுத் தந்தார், இஞ்சியைக் குத்திப் போட்டு, மணிக்கு ஒரு தரம். கதைக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். அன்றிரவு எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததை அவர் மிகவும் அனுபவித்தார் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை முதல் புகையிரதம் போனபிறகு பாடிப் பார்த்தேன். குரல் வந்தது. முழுதாக இல்லை, ஆனால் வந்தது. அவருடைய ஒரேயொரு நிபந்தனை, நான் றப்பர்ச் செருப்புப் போட்டுக்கொண்டு, பலகைக்கு மேல் ஏறி நிற்கவேண்டும் என்பது. வீட்டுக்குள் செருப்புப் போடுவதை வாழ்நாள் முழுக்கத் தடுத்தவள் நான். போட்டேன். பலகையிலும் ஏறினேன். அவரும் செருப்போடு விறாந்தையில் சுவிச்சுக்கு முன்னால் கதிரை போட்டு, ஒருவரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த வீட்டில் அதைத் தொடக்கூடியவர் அவர் மட்டுந்தான்.

முதல் தரம் பாடியபோது ஆறாம் அடியில் பாண் விற்க வருகிற முச்சக்கரவண்டி தன் பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது. இரண்டாம் தரம் எனக்குச் சொல் பிசகியது. மூன்றாம் தரம் எட்டு அடியும் பாடி, கடைசி எழுத்தை மெல்ல விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருப்பிப் போட்டேன். சுத்தம். நாலாம் அடியில் கொஞ்சம் தொண்டை அடைத்தது. அது கணினியின் பிழை அல்ல, என்னுடையது. அப்படியே விட்டுவிட்டேன்.

அனுப்பினேன். பெறாமகள் அந்த நேரம் மருதாணிக் கையோடு இருந்திருக்க வேண்டும். ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. கேட்டாளா, கேட்காமல் அனுப்பினாளா, மண்டபத்துக்காரரிடம் கொடுத்தாளா, ஒன்றும் தெரியவில்லை. கலியாண வீட்டில் இருக்கிற பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்கவும் ஏலாது. தங்கையைக் கேட்டால், "எனக்குக் காட்டமாட்டன் எண்டிட்டாள் அக்கா, அண்டைக்குத்தான் கேக்கவேணுமாம்" என்றாள். பெரிய ஒலிபெருக்கியில் போடும்போது அங்கே யாருடைய விரல் எந்தச் சுவிச்சில் இருக்குமோ என்று இரண்டு நாளும் யோசித்துக்கொண்டு திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் அங்கே காலையாகி, கலியாணத்தை நேரலையில் காட்டத் தொடங்கினார்கள். சாரி மாற்றி, பூ வைத்து, கணினிக்கு முன்னால் இருந்தோம். மண்டபம் தெரிந்தது, மணவறை தெரிந்தது, ஐயர் வாயசைத்தார், நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பினார்கள். சத்தம் இல்லை.

பதறிப்போனேன். குமிழைத் திருகினேன், துளையை மாற்றினேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால் படத்துக்குக் கீழே உலகம் முழுவதும் அழுதுகொண்டிருந்தது. நோர்வேயில் இருந்து ஒருவர் 'சத்தம் இல்லை' என்று எழுதினார். லண்டனில் இருந்து 'ஒண்டும் கேக்கேல்லை'. பாரிசில் இருந்து 'சவுண்ட் பிளீஸ்'. பிழை அங்கே. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. 'பஃபரைக் கூட்டிப் பாருங்கோ. பற்றறியில் ஓடுதோ எண்டும் பாருங்கோ' என்று எழுதினேன். நோர்வேக்காரர் எனக்கு ஒரு கும்பிடு போட்டார். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

"படலையடியிலை சிக்னல் நல்லாக் கிடைக்கும், உம்மடை தங்கச்சியின்ரை மனிசனுக்கு எடுத்துச் சொல்லுறன்" என்று அவர் ரெலிபோனோடு வெளியே ஓடினார். பொம்பிளையின் தகப்பன் அந்த நேரம் ரெலிபோன் எடுப்பாரா? சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் போய்விட்டார்.

அப்போது மண்டபத்தின் வாசலைக் காட்டினார்கள். பெறாமகள் நின்றாள். சிவப்புக் கூறைச் சீலை, குனிந்த தலை. என் பிள்ளை. நடக்கத் தொடங்கினாள். என் பாட்டுப் போகவேண்டிய நேரம் இதுதான். போகிறதா? கரகரக்கிறதா? மேளத்தைப் போட்டுவிட்டார்களா? ஒன்றும் தெரியாமல், ஊமைப்படம் பார்க்கிறவளாக இருந்தேன். இவ்வளவு பாடுபட்டும் எனக்கு இது தெரியாமல் போகப்போகிறது.

படம் திரும்பி மணவறைப் பக்கம் போனது. தங்கை நின்றாள். மகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், கண்ணால் தண்ணீர் ஓடியது. அவளுடைய வலக்கை சாரிக்கு மேல், தொடையில், மெல்லத் தட்டியது. ஒரு தட்டு. சின்னவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு.

ஆதி தாளம்.

பதினேழு வயதுவரை எனக்கு முன்னால் இருந்து படித்தவள். பாட்டில் எங்கேயாவது ஒரு சின்னப் பிசகு வந்தாலும் அவளுடைய கை அந்த இடத்திலேயே நின்றுவிடும், எத்தனையோ தரம் அதற்காக என்னிடம் குட்டு வாங்கியிருக்கிறாள். இப்போது கை நிற்கவில்லை. மூன்றாம் அடிக்குரிய இடம் வந்தது, போனது. நாலாம் அடியும் போனது. கை ஓரிடத்திலும் நிற்கவில்லை.

நான் அறியாமலே பாடத் தொடங்கியிருந்தேன். அவளுடைய தட்டுக்கு என் சொல்லை வைத்து, ஐந்தாம் அடியில் இருந்து, முழுக் குரலில். அங்கே போய்க்கொண்டிருந்த என் குரலோடு இங்கே இருந்து நானும் சேர்ந்து போனேன்.

படலை அடிபட, முற்றத்தில் அவர் ஓடி வருகிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்க வாசலுக்கு வந்தவர், உள்ளே வரமுன்னமே, முகமெல்லாம் சிரிப்பாக, "இஞ்சாரும், சத்தம் வந்திட்டுது! றோட்டுமட்டும் கேக்குது!" என்றார்.

நான் பாட்டை நிறுத்தவில்லை. தங்கையின் கை இன்னும் தட்டிக்கொண்டிருந்தது, இரண்டு அடி மிச்சம் இருந்தது.